சம்பந்தி வீட்டுப் புல்லுக்குக் கிராப்பு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவளும் சௌக்கியம். நீங்கள் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன வீட்டின் கதவுகள் சௌக்கியம், ஜன்னல்கள் சௌக்கியம், தண்ணீர் வராத குறை தவிரக் குழாய்களும் சௌக்கியம், மாடி அறையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் உங்கள் காற்றழுத்தமானியும் சௌக்கியம். அந்தத் துணியை நான் தூக்கிப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்தேன், அதுவும் முள் எந்தப் பக்கம் திரும்பினால் மழை என்று தெரிந்துகொள்ளத்தான். அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அங்கே அந்த வெளிநாட்டுக் குளிரில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நிறைமாத வயிற்றோடு இருக்கும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நேரமில்லை.

நிற்க. நீங்கள் போனில் புல்லைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம் "இருக்கு சம்பந்தி" என்று சொல்லி வருகிறேன். அதில் பொய் இல்லை, இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. நீங்களோ போனை ஸ்பீக்கரில் போட்டு நடு ஹாலில் வைத்துவிடுகிறீர்கள். விஷயம் என் மகள் காதில் விழுந்தால் இந்த நேரத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறும், சம்பந்தியம்மா காதில் விழுந்தால் எனக்கு ஏறும். ஆகவேதான் கடிதம். ஆற அமர உட்கார்ந்து படியுங்கள். கையில் சூடாக எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்றை மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இருவரும் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டு வந்து நின்ற கல்யாணம் இது. வானிலை ஆபீஸில் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள், கடைவீதியில் சலூன் வைத்திருப்பவன் நான். நீங்கள் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கூடுதலாகவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பீர்கள், "ஆமா சம்பந்தி" என்பேன், "நாளைக்கும் இப்படித்தான்" என்பீர்கள், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து நாம் பேசிக்கொண்டது மொத்தமும் இவ்வளவுதான். தினமும் காலையில் நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு நடக்கப் போகும்போது, என் கடைக்கு நாலு கடை முன்னாலேயே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். இவன்தான் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே, இவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருக்கலாம். முடி வெட்டுகிறவன் தெருவைக் கண்ணாடியில்தான் பார்ப்பான் சம்பந்தி. நீங்கள் கண்ணாடிக்குள் சாலையைக் கடப்பதைப் பார்த்தபடியே யாரோ ஒருவருடைய காதோரத்தை வெட்டிக்கொண்டிருப்பேன். வருத்தமாகத்தான் இருக்கும். வெளியே சொன்னதில்லை.

அப்படிப்பட்ட நீங்கள், பிரசவத்துக்காக அங்கே புறப்படும் முன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுல வந்து தங்கி, அந்தப் புல்லைக் கொஞ்சம் பார்த்துக்க முடியுமா?" என்று கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி. "புல் என்ன சம்பந்தி, காடே இருந்தாலும் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சாவியைக் கொடுக்கும்போது உங்கள் கேட்டருகே நின்று நீங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. "வெறுங்காலோட யாரும் மிதிக்கக் கூடாது. தண்ணிய மேலேருந்து பீச்சக் கூடாது, ஓரமா விட்டாப் போதும். கேட் பூட்டியே இருக்கட்டும். அப்புறம், இது கிட்டப் போய்ப் பார்க்கிற புல் இல்ல, மாடியிலேருந்து பார்க்கிற புல்."

ஏன் என்று கேட்க நாக்கு நுனிவரைக்கும் வந்தது. என் சுபாவம் அப்படி. எதையும் ஏன், எப்படி என்று கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கடையில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஒருவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு, கையில் கத்தியையும் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது. பூட்டு ரிப்பேர்காரர் தன் வீட்டுச் சாவியை எங்கே ஒளித்து வைக்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தலை என் கைக்கு வந்ததே இல்லை. அதனால் கேட்கவில்லை. வானத்தையே படித்தவர் சொல்கிறார், காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

குடிவந்த அன்று மாடியில் நின்று பார்த்தேன். ஊரே அடுப்பில் வைத்த சட்டியாகக் கிடக்கிறது. தெருநாய் நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து நகர்ந்து படுக்கிறது. தண்ணீர் லாரி வந்தால்தான் நமக்கே குளியல். இதற்கு நடுவில் உங்கள் வீட்டு முன்னால் மட்டும் பச்சைப் பசேலென்று ஒரு கம்பளம்! இது எதைக் குடித்துவிட்டு இப்படி இருக்கிறது? எனக்கு அன்றைக்கே ஆர்வம் பற்றிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தொடவில்லை. முதலில் மிதித்தது இவள். துணி காயப்போடப் போனவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒரு நடை நடந்திருக்கிறாள். "காலமெல்லாம் சிமெண்டுலயே நடந்தாச்சு, ஒரு நாள் புல்லுல நடந்தா குடி முழுகிடுமா?" என்பது அவள் கட்சி. சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்தவள் அலறினாள். இரண்டு பாதமும் அடிப்பக்கம் பச்சை. "என்னங்க, எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க, விஷம் கீழேருந்து ஏறுது" என்று ஒரே புலம்பல். வெந்நீரில் காலை வைத்தால் வெந்நீர் பச்சை. டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்து, "புல்லுல நடந்தீங்களா?" என்று கேட்டார். "ஆமா." "அப்ப புல்லுதான்." வைத்தியம் அத்தோடு முடிந்தது. எனக்கோ ஒரே ஆச்சரியம். மிதித்தாலே ஒட்டிக்கொள்கிற அளவுக்குச் சத்துள்ள புல்லா! அந்த வெந்நீரை முகர்ந்து பார்த்தேன். எங்கேயோ நன்றாகப் பழகிய வாசனை, இன்னதென்று பிடிபடவில்லை.

அடுத்தது பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் நாய். பஞ்சுமூட்டை மாதிரி வெள்ளை நாய், உங்களுக்குத் தெரியுமே. நீங்கள் இருக்கும்போது எப்போதும் பூட்டியிருக்கும் கேட்டை நான் தண்ணீர் லாரிக்காகத் திறந்து வைத்திருந்தேன். நாய் உள்ளே புகுந்து ஆனந்தமாக ஒரு புரளு புரண்டுவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் நாயைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டில் நிற்கிறார். "என்னங்க இது, வெள்ளை நாயை அனுப்பினா கிளி மாதிரி திரும்பி வருது?" "சத்தான புல் டாக்டர், எங்க சம்பந்தி வளர்த்தது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என்னையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் எனக்குள் ஒரு நமைச்சல். ஒருநாள் கடைச் சீப்பை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். தலையில் எப்படி வகிடு எடுத்துப் பார்ப்பேனோ அப்படி வகிடு எடுத்து வகிடு எடுத்துப் பார்த்தேன். மேலே நல்ல பச்சை. அடியில் பார்த்தால் வைக்கோல். நுனியில் இருக்கும் செழிப்பு வேர்ப்பக்கம் இல்லை. அடடா, சத்து கீழே இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது, சம்பந்திக்கு இது தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். உங்களுக்கு ஏதாவது பெரிதாகச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கோளாறுக்கு எங்கள் தொழிலில் ஒரே வைத்தியம்தான் சம்பந்தி. ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெட்ட வெட்ட அடர்ந்து வளரும் என்று எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லியிருப்பேன்! அதுவும் வெயில் காலம். வெயில் வந்தால் ஊரில் உள்ள அத்தனை தலையும் என் கடைக்கு வந்து "ஒட்ட வெட்டிடுங்க, காத்துப் படட்டும்" என்றுதான் கேட்கும். தலைக்கு நல்லது தரைக்கு ஆகாமலா போய்விடும்?

புல் வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தேன். பல் டாக்டர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "வெயில் காலத்துல இதை ஒட்ட வெட்டக் கூடாதுன்னு எங்கேயோ படிச்சேங்க. புல்லோட நிழல்தான் அதோட வேரைக் காப்பாத்துதாம்" என்றார். நான் மெஷினை நிறுத்தினேன். "டாக்டர், நான் உங்க வாய் வைத்தியத்துல தலையிடறேனா?" என்றேன். தலை இறங்கிவிட்டது. பிறகு என்ன, மொட்டைக்கு அடுத்த அளவான நம்பர் ஒன்னுக்கு இறக்கினேன். ஓரங்களுக்குக் கத்திரிக்கோலும் சீப்பும் பிடித்தேன். கல் பாதை ஓரமாகக் கழுத்துக்கு எடுப்பதுபோல ஒரு நேர்கோடு எடுத்தேன், நூல் பிடித்தாலும் அப்படி வராது. பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பழக்க தோஷத்தில் பவுடர் டப்பாவையும் எடுத்துவிட்டேன், இவள் பிடுங்கி வைத்துவிட்டாள். பின்பக்கத்துக்குக் கண்ணாடி காட்டாத குறைதான்.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். என்ன சொல்ல சம்பந்தி! கம்பளத்தைக் காணோம். மொத்தமும் காய்ந்த வைக்கோல் நிறம். வளரும் என்று காத்திருந்தேன். தாடி என்றால் மறுநாளே சொரசொரக்கும். இதைத் தினமும் காலையில் குனிந்து உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்க்கிறேன், ஒன்றுமே வரவில்லை. வானமும் மொட்டை, தரையும் மொட்டை. வருகிற தண்ணீரை எல்லாம் அதற்கே ஊற்றினேன். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கடையில் தலை கழுவிய தண்ணீரைக்கூடக் கேனில் பிடித்து வந்தேன். இவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே நாம தாகத்துக்கு என்ன பண்றது, புல்லுக்கிட்டப் போய்க் கேக்கணுமா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் இரவும் பகலும் எனக்குள் ஒரே யோசனை. நான் ஒரு தலையைக் கூட இப்படிக் கெடுத்ததில்லையே, இது மட்டும் எப்படி? மேலே வெட்டினால் கீழே ஏன் சாகிறது? முடிக்கு வெயில் பட்டால் ஆகும், புல்லுக்கு ஏன் ஆகாது? கடையில் வருகிறவர்களை எல்லாம் பிடித்துக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கிராப்பு வெட்ட வந்த ஒருவர் கேள்விக்குப் பயந்து பாதித் தலையோடு எழுந்து போனார்.

அப்போதுதான் செடி நர்சரி வைத்திருக்கும் ஒருவர் நாற்காலியில் மாட்டினார். "முடியே நல்ல உரம்தாங்க. மண்ணுமேல பரப்பிவிட்டா ஈரத்தையும் பிடிச்சு வைக்கும்" என்றார். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஊரில் யாருக்கு இல்லாவிட்டாலும் எனக்கு முடிக்கா பஞ்சம்! சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து உங்கள் முற்றம் முழுக்கப் பரப்பினேன். கறுப்பு, நரை, காலேஜ் பையன்களின் செம்பட்டை எல்லாம் கலந்து சமமாகத்தான் பரப்பினேன். மத்தியானம் காற்று அடித்தது. காற்று அடித்தால் மழை வரும் என்று சந்தோஷப்பட்டேன். மழை வரவில்லை, முடி பறந்தது. பல் டாக்டர் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைக் கோட்டெல்லாம் கம்பளிக் கோட்டாகிவிட்டது. கிளி நிறத்திலிருந்து அப்போதுதான் ஒருவாறு வெள்ளைக்குத் திரும்பியிருந்த நாய்க்கு இரண்டாவது தோல் முளைத்தது. தெருவில் போன ஒரு அம்மா கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமாகப் போனார். டாக்டர் இந்த முறை மதிலுக்கு மேல் வரவில்லை, போன் பண்ணினார். "உங்க சம்பந்தி வீட்டுப் புல்லுக்கு முடி முளைச்சிருக்கு. வந்து பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் இவளும் அத்தனையையும் கூட்டி அள்ளினோம். அள்ளியதைக் குழாயடி மூலையில் குவித்து ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம்.

இந்த நிலைமையில்தான் என் மகள் போன் பண்ணினாள். "அப்பா, மாமா இங்க குளிர்ல சுருண்டு சுருண்டு படுத்திருக்காரு. பேச்சே இல்ல. ஊரு ஞாபகம் போல. மாடியிலேருந்து அந்தப் புல்லை ஒரு படம் எடுத்து அனுப்புப்பா, பார்த்தா கொஞ்சம் தெம்பா இருப்பாரு" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இவளிடம் கேட்டால், "உள்ளதை உள்ளபடி எடுத்து அனுப்புங்க" என்றாள். உள்ளதை அனுப்பினால் அந்த மனுஷர் எழுந்திருக்கவே மாட்டாரே!

ஊர்க் கோடியில், நம்மை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு பெயிண்ட் கடை இருக்கிறது. அங்கே போய், "பச்சை வேணும், ரொம்ப எண்ணெய்ப் பசை இல்லாம, கொஞ்சம் இயற்கையா" என்று மென்று விழுங்கினேன். கடைக்காரர் ஏறெடுத்தும் பார்க்காமல், "புல்லுக்குத்தானே?" என்று கேட்டு ஒரு டின்னை எடுத்து வைத்தார். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன். ஆனால் மாட்டிக்கொண்டவனுக்கு ஆர்வம் ஆகாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். தெருவே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருக்கும் நேரமாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். சும்மா ஊற்றவில்லை சம்பந்தி. வகிடு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிக்குப் பிரஷ் போட்டு, திட்டு விழாமல், கல் பாதையில் ஒரு சொட்டுக் கறை படாமல் செய்தேன். இவள் குடை பிடித்தாள். நடுவில் ஒரு தடவை, "நம்ம பொண்ணுக்காக இன்னும் என்னல்லாம் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் குடையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

படம் எடுத்து அனுப்பினேன். மாப்பிள்ளையின் போனிலிருந்து உங்கள் பதில் வந்தது. "அருமை." ஒரே சொல். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னைப் பாராட்டிச் சொன்ன முதல் சொல். அதைக் கடையில் எல்லோரிடமும் காட்டினேன். பூட்டு ரிப்பேர்காரருக்குச் சும்மாவே ஷேவ் பண்ணிவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் அதுவே முள்ளாகக் குத்துகிறது. பெயிண்டுக்குக் கிடைத்த பாராட்டை என் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். பேரக்குழந்தையோடு நீங்கள் வந்து இறங்கி, அதன் பிஞ்சுக் காலை இந்தப் புல்லில் வைத்துப் பச்சையாக எடுத்தால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்?

ஆகவே உண்மையை எழுதிவிட்டேன். உங்கள் புல்லை ஒட்ட வெட்டிக் கொன்றவன் நான். சாயம் பூசி ஏமாற்றியவனும் நான். மன்னித்துவிடுங்கள். முடி வெட்டுகிறவன் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நீங்கள் நினைத்தால் அதைத் தாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, அதை என் மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் ஒரு பாவமும் அறியாதவள். அவளுக்குப் புகுந்த வீட்டில் தலை குனிவு வரக் கூடாது என்றுதான் நான் இத்தனையும் பண்ணினேன், பண்ணியதெல்லாம் தப்பாகப் போய்விட்டது.

பிரசவம் பூப்போல நடக்கட்டும். பிறப்பது ஆணோ பெண்ணோ, உங்கள் அறிவும் சம்பந்தியம்மாவின் பொறுமையும் அடர்த்தியான தலைமுடியும் வாய்த்து நூறு வயது வாழட்டும். மாப்பிள்ளைக்கு ஆசி. சம்பந்தியம்மாவுக்கு இவளுடைய வணக்கம்.

இப்படிக்கு, உங்கள் புல்லுக்கு வினையாக வந்து சேர்ந்த

சம்பந்தி

பின்குறிப்பு. இதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மேலே உள்ளதைப் பிரசவம் முடிந்த பிறகு யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டுங்கள், இதை மட்டும் நீங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டும் முன்னால் பெயிண்ட் கடைக்கு ஒரு நடை போனேன். தண்ணீர் லாரிக்காரர் குழாயைத் தவறவிட்டதில் நடுவில் ஒரு பட்டை கழுவிப் போய்விட்டது, இன்னொரு டின் தேவைப்பட்டது. கடைக்காரர் இந்த முறை கொஞ்சம் சாவகாசமாக இருந்தார். "பெரிய வேலையா? எந்த வீடு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அட, அந்த ஐயா வீடா? இந்த வருஷம் புறப்படறதுக்கு முன்னாடி அவசரமா வந்து வாங்கிட்டுப் போனாரே. வெயில் ஆரம்பிச்சா வருஷா வருஷம் தொப்பியைப் போட்டுட்டு அவரேதாங்க வருவாரு. வானிலை ஆபீஸ்ல பெரியவராச்சேன்னு, 'இந்த வருஷம் மழை எப்பங்க?'ன்னு ஒருதரம் கேட்டேன். 'ரெண்டு டின்னாவே கொடுப்பா'ன்னாரு."

நான் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். இவளுடைய பாதம், நாய், வெந்நீரில் வந்த சாய வாசனை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. மேலே நிறம், அடியில் வெளுப்பு. வேறு யார் தலையாக இருந்திருந்தாலும் வாசலில் வரும்போதே "டை அடிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டிருப்பேன். சம்பந்தி வீட்டுப் புல்லைச் சந்தேகப்படலாமா என்ற மரியாதையில் என் கண் அவிந்துபோய்விட்டது. நான் வெட்டியது புல்லை இல்லை, நீங்கள் அடித்த சாயத்தை. ஏற்கெனவே காய்ந்துபோனதற்காக இத்தனை நாள் அழுதிருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். பஸ்ஸில் வரும்போது அது சிரிப்பாக மாறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் இன்னொன்றும் புரிந்தது. கல்யாணத்தன்று படம் எடுக்க நம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார்களே, அப்போதே பார்த்துவிட்டேன். உங்கள் இடது காதின் மேல் விளிம்பில் ஒரு கறுப்புக் கறை. நீங்களே குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு டை அடித்துக்கொள்கிறீர்கள். வலது கைக்காரர், இடது காதுக்குப் பின்னால் கை எட்டுவதில்லை. இதை நான் இவளிடம்கூடச் சொன்னதில்லை. தலையில் பார்த்ததை வெளியே சொல்லாதது எங்கள் தொழில் தர்மம். ஆனால் நான் பார்த்துவிட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நாலு கடை முன்னாலேயே சாலையைக் கடக்கிறீர்கள். நான் சலூன்காரன் என்று ஒதுங்கிப் போகிறீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் கண்ணுக்குப் பயந்து போயிருக்கிறீர்கள். இது தெரிந்த பிறகு மனசு பஞ்சாகிவிட்டது சம்பந்தி.

அப்புறம் அந்த "அருமை." இத்தனை வருஷம் அந்தப் பச்சையை வாங்கியவருக்குப் படத்தைப் பார்த்ததும் என்னவென்று தெரியாமலா இருக்கும்? நீங்கள் புல்லைப் பாராட்டவில்லை. திட்டு விழாமல் பூசியிருந்ததைப் பாராட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சொல் எனக்குச் சேர வேண்டியதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை, ஆர்வம் இருந்தாலும். நீங்கள் வந்ததும் ஒருநாள் மத்தியானம் கடைக்கு வாருங்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறேன். இடது காதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

இன்று காலை குழாயடி மூலையில் நாற்றம் வருகிறதா என்று சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். முடிக் குவியலின் ஓரமாகக் கொஞ்சம் புல் முளைத்திருக்கிறது. டின்னில் இருக்கிற பச்சை இல்லை, கொஞ்சம் மஞ்சள் கலந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. வகிடு எடுத்துப் பார்த்தேன், அடிவரைக்கும் ஒரே நிறம். இது எப்படி வந்தது, முடியினாலா, நிழலினாலா, இல்லை நீங்கள் என்றோ போட்ட விதையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களோடு உட்கார்ந்து யோசித்துப் பார்க்க ஆசை. இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கிறது. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு கால் வைத்துக்கொள்ளலாம்.